ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது? டெல்டா நகரங்களின் குப்பை ஒப்பந்த நிறுவனங்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

திருச்சியில் தொடங்கி நாகப்பட்டினம் வரை, காவிரி பாயும் நகரங்களில் குப்பை அள்ளும் ஒப்பந்தத்தை எடுத்திருக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரும் மாமன்ற, நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குப்பைத் தொழிலில் கொத்தடிமை முறை நுழையாமல் தடுப்பது பற்றித்தான் இந்த மடல். "எங்களிடம் அப்படி எதுவும் கிடையாது" என்ற பதில் உங்களுக்கு உடனே வாயில் வரும். நீங்கள் தெரிந்தே பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது. சம்பளப் பட்டியல் சரியாக இருக்கும். வங்கிக்குப் பணம் போனதற்கு ரசீது இருக்கும். தணிக்கைக்கு வருபவர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார். பணம் வங்கிக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

டெல்டாவில் ஒரு நகராட்சிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் வைத்திருக்கிறேன். சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுவது, பிஎஃப் பார்த்துச் சொல்வது, ஊருக்குப் பணம் அனுப்பித் தருவது, இதெல்லாம் என் பிழைப்பு. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் எந்த நிறுவனம், எந்த வார்டு, எந்த அக்கா என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பேசியவர் வேலை போய்விடும்.

தூய்மைப் பணியாளர்கள் என்னிடம் அதிகம் வருவது பிஎஃப் பார்க்கத்தான். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணைப் போட்டதும் ஓடிபி ஒரு செல்போனுக்குப் போகும். பல பேருக்கு அந்த செல்போன் எண் அவர்களுடையதாக இருப்பதில்லை, சூப்பர்வைசருடையதாக இருக்கிறது. தன் பணத்தைத் தான் பார்ப்பதற்கு ஓர் அக்கா அவருக்குப் போன் போட்டு, "சார், ஒரு நம்பர் வந்திருக்குமாம், சொல்லுங்க சார்" என்று கெஞ்ச வேண்டும். "இப்ப எதுக்குப் பாக்குற? யார் சொல்லிக் குடுத்தா?" என்று அந்தப் பக்கம் சத்தம் போடுவார். அக்கா போனை வைத்துவிட்டு, "வேணாம் தம்பி, அப்புறம் வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். ஒப்பந்தம் கை மாறும்போதெல்லாம் புதுக் கணக்கு, பழைய கணக்கில் பாதி மாதங்கள் வெறுமையாகக் கிடக்கும். பத்து, பன்னிரண்டு வருடம் ஒரே தெருவைக் கூட்டியவருக்குக் காகிதத்தில் ஒன்றரை வருட அனுபவம் இருக்கும்.

ஏடிஎம் கார்டு விஷயம் இதைவிட மோசம். வேலைக்குச் சேரும்போது கணக்குத் தொடங்க அழைத்துப் போகிறவர், ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி. கார்டு வந்ததும் அதுவும் பின் நம்பரும் அவரிடமே தங்கிவிடுகின்றன. சம்பளம் ஏறிய அன்று அவர் பணத்தை எடுத்து, முன்பணத்துக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு, லீவு போட்டதற்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கிறார். அந்த முன்பணம் பெரும்பாலும் மகளின் சடங்குக்கோ கணவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வாங்கிய இருபதாயிரம், முப்பதாயிரமாக இருக்கும். இதுவரை எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றால், "பாக்கியை வச்சுட்டுப் போ" என்பார். முணுமுணுத்தால், "குப்பைக் கிடங்குக்கு மாத்திவிட்டுருவேன்" என்பார். தெருக் கூட்டும் வேலையிலிருந்து கிடங்குக்குப் போவது என்றால் என்ன என்று அந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

இதற்குக் கொத்தடிமை என்று பெயர் வைக்க உங்களுக்குத் தயக்கமாக இருக்கும். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அந்தச் சட்டம் சங்கிலியையோ பூட்டையோ தேடவில்லை. முன்பணமோ கடனோ வாங்கியதற்காக ஒருவர் உழைக்க வேண்டிய நிலை. அதனால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கூலி, அல்லது வேறு வேலைக்குப் போகும் உரிமை இல்லாமை, அல்லது விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை இல்லாமை. இது இருந்தால் போதும். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் கடன் கொடுத்தவர் மேலேயே சட்டம் வைத்திருக்கிறது. கார்டை வைத்திருக்கும் மேஸ்திரியின் வேலை, சட்டத்தின் கண்ணில் உங்கள் தொழிலின் ஒரு பகுதி. அவர் உங்கள் ஊழியராக இல்லாமல் உங்களுக்கு ஆள் கொண்டுவந்து தரும் உள் ஒப்பந்தக்காரராக இருந்தாலும் உங்கள் பொறுப்பு விலகாது.

சம்பளம் குறைந்த வேலை எல்லாம் கொத்தடிமை வேலை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் உண்மையில் சிக்கியிருப்பவர் கண்ணில் படாமல் போய்விடுவார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்: நாளைக் காலையில் இவர் வேலையை விட்டு நின்றால் இவருக்கு என்ன நடக்கும்? சம்பளம் மட்டும் நின்றுபோகும் என்றால் அது மோசமான வேலையாக இருக்கலாம், சங்கம் வைத்துப் போராடலாம். வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும், ஆதார் கார்டு திரும்பக் கிடைக்காது, மூன்று மாதச் சம்பளம் போய்விடும், தங்கையையும் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றால் அவர் சுதந்திரமாக இல்லை. இந்தக் கேள்வியை உங்கள் அதிகாரிகளில் யாராவது, சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது, ஒரு பணியாளரிடம் கேட்டதுண்டா?

நம் மண்ணுக்கு இது புதிதாக வந்த வியாதியும் கிடையாது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பண்ணையாள் முறை எப்படி நடந்தது என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குக் குடும்பமே பண்ணையில் கிடக்கும். கடன் மகனுக்கும் வரும். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, இல்லையென்றால் சாணிப்பால், அதாவது சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது. பி. சீனிவாசராவும் களப்பால் குப்புவும் இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ பேரும் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள். 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட்டுத்தான் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்ட முடிந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், கூலி கேட்ட ஊர் என்பதற்காக. பெரிய பண்ணைகளில் சவுக்கை எடுத்தவர் பல நேரம் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, அவருடைய காரியக்காரர். நிலத்துக்காரர் ஊரிலேயே இருக்க மாட்டார். "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று அவரும் சொல்லியிருப்பார். இன்று குப்பை வண்டி தள்ளுகிறவர்களில் எத்தனை பேர் அருந்ததியர், எத்தனை பேர் ஆதிதிராவிடர் என்று உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பெரும்பாலும் உங்களிடம் வேலை செய்கிறார்கள்.

இனி மன்ற உறுப்பினர்களிடம் கொஞ்சம் நேராகப் பேச வேண்டும். கொத்தடிமை நிலை தெருவில் உருவாவதற்கு முன்பே டெண்டர் தாளில் உருவாகிவிடுகிறது. இதை எண் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பேச்சுக்கு, நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளைக்கு 13,000. நிறுவனம் தன் பங்காகக் கட்ட வேண்டிய பிஎஃப், நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், 1,690. இஎஸ்ஐ 3.25 சதவீதம், சுமார் 422. போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், 1,083. கூட்டினால் ஓர் ஆளுக்கு மாதம் 16,195 ரூபாய் ஆகிறது. இதில் கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை, சோப்பு இல்லை, விடுப்பில் போகிறவருக்கு மாற்று ஆள் இல்லை, வண்டிக்கு டீசல் இல்லை, நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை. இப்போது உங்கள் மன்றத்தில் வந்த மிகக் குறைந்த விலைப்புள்ளியை எடுத்து, ஆள் செலவுக்கென்று காட்டியிருக்கும் தொகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இந்தக் கணக்கில் அது ஓர் ஆளுக்கு 14,000 என்று வந்தால், மிச்சம் எங்கிருந்து வரும்? பணியாளரின் பங்கு, முதலாளியின் பங்கு இரண்டையும் அவர் சம்பளத்திலேயே பிடிப்பதிலிருந்து வரும். 200 பேர் பெயரை எழுதிவிட்டு 140 பேரை வைத்து வேலை வாங்குவதிலிருந்து வரும். ஞாயிற்றுக்கிழமை கூலி கொடுக்காமல் வரும். குறைந்த விலை என்பதற்காக அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினால், களவுக்கு மன்றமே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

குறைந்தபட்சக் கூலிக்கும் அடிமை வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 1982-லேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் ஏதோ ஒரு நிர்ப்பந்தம் அவரை அழுத்துகிறது, பசியும் வறுமையும்கூட நிர்ப்பந்தம்தான், அது அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி அரசு அமைப்புகள் தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இப்போதைய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. அந்த முதன்மை வேலையளிப்பவர் உங்கள் நகராட்சி, உங்கள் மாநகராட்சி. உள்ளாட்சிப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த 2017-ன் அரசாணை 62-ஐத் தொழிற்சங்கங்கள் இத்தனை வருடமாக எல்லா ஆர்ப்பாட்டத்திலும் எழுதி வைத்துக்கொண்டு நிற்கின்றன. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்தது, தனியாரிடம் போனால் இருக்கிற சம்பளமும் குறையும் என்ற பயத்தில்தான். அந்தப் பயம் காரணமில்லாதது என்று உங்களால் சொல்ல முடியுமா?

வெளிநாட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2015-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். வருடத்துக்கு 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ வியாபாரம் செய்யும் நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குப் பொருளும் ஆளும் வரும் சங்கிலியிலும் அடிமை உழைப்பு நுழையாமல் இருக்க என்ன செய்தோம் என்று ஒவ்வொரு வருடமும் அறிக்கை வெளியிட வேண்டும். அந்த நாட்டின் பெரிய குப்பை நிறுவனங்களும் இப்படி அறிக்கை எழுதுகின்றன. ஆனால் "நாங்கள் எதுவும் செய்யவில்லை" என்று எழுதினாலும் சட்டத்துக்கு அது போதும். இதற்கிடையில் போலந்திலிருந்து வீடற்றவர்களையும் சிறையிலிருந்து வந்தவர்களையும் நல்ல வேலை என்று ஆசைகாட்டி ஒரு கும்பல் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதிக்குக் கொண்டுவந்தது. 400 பேருக்கு மேல் சிக்கியிருக்கலாம் என்று காவல்துறை கணித்தது. அவர்கள் வேலை செய்த இடங்களில் தோட்டங்களும் இறைச்சி ஆலைகளும் இருந்தன, குப்பை தரம் பிரிக்கும் மறுசுழற்சி நிலையங்களும் இருந்தன. 2019-ல் எட்டுப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. அந்தத் தொழிலாளர்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தது, சம்பளமும் அதில் ஏறியது. கணக்கு மட்டும் கும்பலின் கையில் இருந்தது. அதைப் படித்தபோது என் கடைக்கு வரும் அக்காக்களின் ஏடிஎம் கார்டுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டோம் என்பது லண்டனிலும் ஆதாரமில்லை, தஞ்சாவூரிலும் ஆதாரமில்லை.

நம் நாட்டிலும் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல், சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குத் தரும் பொறுப்பு அறிக்கையில் கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு பற்றி எத்தனை புகார் வந்தது என்று எழுத வேண்டும். புகார் பூஜ்யம் என்று எழுதுவது ரொம்பச் சுலபம். புகார்ப் பெட்டி சூப்பர்வைசர் அறைக்குள் இருந்தால் பூஜ்யம்தான் வரும்.

தெருக் கூட்டுகிறவர்கள் ஊர் கண்ணுக்காவது தெரிகிறார்கள். சங்கிலி கீழே போகப் போக இருட்டு அதிகம். திருச்சி அரியமங்கலம், தஞ்சாவூர் ஜெபமாலைபுரம், கும்பகோணம் கரிக்குளம் என்று நம் ஊர்களில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பை மலைகளைப் பயோமைனிங் முறையில் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடந்து வந்திருக்கிறது. நல்ல வேலை அது, ஊருக்குத் தேவையான வேலை. இந்த மாதிரி வேலைக்கு ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று டெண்டரில் யாரும் கேட்பதில்லை. சலிக்கும் எந்திரத்தின் சத்தத்துக்கும் தூசிக்கும் நடுவே தகரக் கொட்டகையில் இருக்கும் பையன்கள் சிலர் ஊருக்குப் பணம் அனுப்ப என் கடைக்கு வருவார்கள். வட மாநிலத்துப் பையன்கள். நான்கைந்து பேர் வந்தாலும் பேசுகிறவர் ஒருவர்தான், அவர் ஏஜென்ட். எல்லார் பணத்தையும் அவரே எண்ணிக் கொடுப்பார், எல்லார் ஆதாரும் அவர் பையில்தான் இருக்கும். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு பையன் அரைகுறைத் தமிழில் சொன்னான்: ஊரில் அப்பாவிடம் இருபதாயிரம் கொடுத்துவிட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள், அது கழியும் வரை போக முடியாது, எப்போது கழியும் என்று தெரியாது. அவன் வயதைக் கேட்டேன். பதினெட்டு என்றான். முகத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

சலித்துப் பிரித்ததில் எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் எரிபொருளாக அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளுக்குப் போகும். பாட்டில், அட்டை, இரும்பு எல்லாம் பழைய இரும்புக் கடைகளுக்கும் அங்கிருந்து குடோன்களுக்கும் போகும். பிளாஸ்டிக் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் தாங்கள் சந்தையில் விட்ட அளவுக்கு மறுசுழற்சி நடந்ததாகச் சான்று வாங்கிக் கணக்குக் காட்டுகின்றன. ஒரு டன் பிரிக்கப்பட்டது என்பதற்குச் சான்று இருக்கிறது, அதைப் பிரித்தவர் யார், அவருக்கு என்ன கூலி, பக்கத்தில் உட்கார்ந்து மூடி கழற்றும் குழந்தைக்கு எத்தனை வயது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. குடோன் முதலாளி கொடுத்த முன்பணத்துக்காக மற்ற கடைக்கு விற்க முடியாமல், அவர் சொன்ன விலைக்கே காலம் முழுக்கப் பொறுக்கிக் கொடுப்பவர்களும் கொத்தடிமைகள்தான். குப்பை பொறுக்குகிறவர்களை அடையாளம் கண்டு அடையாள அட்டை கொடுத்து முறையான அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. நம் நகரங்களில் அதை முழு மனதோடு செய்த ஊரை நான் பார்த்ததில்லை.

குழந்தைகளை விட்டுக்கொடுக்கும் அளவுக்குக் கடன் ஒரு குடும்பத்தை நெருக்கும் என்பது டெல்டாவுக்குத் தெரிந்த விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் குடிசையையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, கிடை ஆடு மேய்க்கச் சில ஆயிரம் ரூபாய்க்கு அடகு வைக்கப்பட்ட பிள்ளைகளை அதிகாரிகள் மீட்ட செய்தியை நாம் எல்லாரும் படித்தோம். அடுத்த புயலுக்குப் பிறகு, அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு, முன்பணம் கொடுக்க யார் முதலில் அந்தத் தெருவுக்குப் போகிறார் என்று பாருங்கள். உங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி அங்கே போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

நீங்கள் வாங்கும் பொருளையும் விட்டுவிடக் கூடாது. பணியாளர்களுக்கு எடுக்கும் சீருடைத் துணியின் நூல், வளரிளம் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கிய மாதிரியான மில்லில் நூற்றதா? உரக் கிடங்குக்குக் கட்டிய சுவரின் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது? சப்ளையரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் ஆகாது. வருடத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, அவசரமானது. 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம். 2016-க்குப் பிறகு வருகிறது. லட்சக்கணக்கில் ஜனங்கள் வருவார்கள், ஊர் சுத்தமாக இருக்க வேண்டும், வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கூட்டமாகக் கொண்டுவருவார்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஆகஸ்ட், செப்டம்பரிலும் இதே தேவை வருகிறது. இப்படிப்பட்ட பத்து நாள், பதினைந்து நாள் வேலையில்தான் ஏமாற்று அதிகம். யார் கூட்டி வந்தார் என்று பெயர் இருக்காது, எங்கோ ஒரு மண்டபத்தில் படுக்கை, கழிப்பறை ஊரைச் சுத்தம் செய்பவர்களுக்கே கிடைக்காது, கூலி "விழா முடிஞ்சதும்" என்பார்கள், விழா முடிந்ததும் ஏஜென்டைக் காணோம். மகாமகத்துக்கு இப்போதே திட்டம் போடுகிறீர்கள், குளத்துப் படிக்கட்டுக்கும் சாலைக்கும் மதிப்பீடு தயாராகும். அதே கோப்பில் இதையும் சேருங்கள்: ஒவ்வொருவருக்கும் தமிழில் எழுதிய வேலைச் சீட்டு, தங்குமிடம், ஊர் திரும்பப் பேருந்துக் கட்டணம், கிளம்புவதற்கு முன் முழுக் கூலியும் அவரவர் கையில். பேருந்து நிலையத்தில் மாநகராட்சி அதிகாரி ஒருவர் உட்கார்ந்து கூலி வந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை போக வேண்டும்.

மற்ற காலத்துக்கும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விலைப்புள்ளியில் ஆள் கூலியையும் பிஎஃப், இஎஸ்ஐ, போனஸையும் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள், அந்தத் தொகையில் போட்டி வேண்டாம், எல்லாருக்கும் ஒரே தொகை. போட்டி மிச்சத்தில் இருக்கட்டும். அதற்கும் கீழே விலை போட்டவரை அன்றே நிராகரியுங்கள். உள் ஒப்பந்தக்காரர் இருந்தால் அவர் பெயர், அவர் கொண்டுவந்த ஆட்களின் பட்டியல் இரண்டும் நகராட்சியில் இருக்க வேண்டும். ஆள் சேர்ப்பதற்கு யாரும் பணியாளரிடம் காசு வாங்கக் கூடாது. முன்பணம் தேவைப்படும் வீடுகள் இருக்கும்தான், அதை நிறுவனமே வட்டியில்லாமல் கொடுக்கட்டும், ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் பாக்கியை அச்சடித்துக் காட்டட்டும், வேலையை விட்டுப் போனால் அந்தப் பாக்கிக்காக யாரும் வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது. மேஸ்திரி வட்டிக்குக் கொடுத்தால் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவராக நிறுவனமே இருக்கலாம்.

பிஎஃப் கணக்கில் பணியாளரின் சொந்த செல்போன் எண் ஏற வேண்டும். ஏடிஎம் கார்டும் ஆதாரும் வேறொருவர் கையில் கண்டால், வைத்திருந்தவர் அன்றோடு வேலையை விட்டுப் போக வேண்டும். இதைப் பார்க்க ஆள் தேவையா, அறிவிப்பில்லாமல் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு வருகைப் பதிவு நடக்கும் இடத்துக்கு வாருங்கள், "கார்டை எடுத்துக் காட்டுங்கம்மா" என்று எல்லாரிடமும் கேளுங்கள். அரை மணி நேரத்தில் உங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

பெண்களிடம் பேச ஒரு பெண் போக வேண்டும், நிறுவனத்துக்கு வெளியிலிருந்து. சூப்பர்வைசர் வார்டு மாற்றம் கொடுக்க என்ன கேட்கிறார் என்பதை அவர்கள் ஓர் ஆணிடம், அதுவும் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய ஆணிடம் சொல்ல மாட்டார்கள். புகார் எண் சங்கத்திடமோ தொழிலாளர் துறையிடமோ இருக்கட்டும். சங்கம் வைத்தவரை வேலையிலிருந்து எடுக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை உங்கள் காதுக்கு வந்துவிடும்.

சரி, ஒருவர் சிக்கியிருப்பது தெரிந்துவிட்டது, என்ன செய்வது? கெட்ட பெயருக்குப் பயந்து அந்த உள் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு ஒதுங்காதீர்கள். அப்படிச் செய்தால் அந்தப் பையன்கள் அதே ஏஜென்டோடு வேறு ஊர்க் கிடங்குக்குப் போய்விடுவார்கள், நீங்கள் மட்டும் சுத்தமாகிவிடுவீர்கள். முதலில் பாக்கிக் கூலியை முழுதாகக் கொடுங்கள். கோட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விடுதலைச் சான்று கிடைத்தால் கடன் சட்டப்படி செல்லாது, உடனடி நிவாரணம் உண்டு, மறுவாழ்வுத் தொகையும் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை மத்தியத் திட்டத்தில் இருக்கிறது. குழந்தை என்றால் 1098 உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். அப்புறம், வேலை செய்ய விரும்பும் பெரியவர்களை நேரடியாக உங்கள் பட்டியலில் சேருங்கள். ஒவ்வொரு பிப்ரவரி 9 அன்றும் ஆட்சியர் அலுவலகங்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். உங்கள் கிடங்கு வாசலில் அன்றைக்கு யாரும் நின்று உறுதிமொழி எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதற்கெல்லாம் செலவாகும் என்பீர்கள். ஆகும். குப்பை வரி கட்டும் ஆளாகச் சொல்கிறேன், அந்தச் செலவைக் கொடுக்க எனக்குச் சம்மதம். என் தெருவில் கேட்டுப் பார்த்தேன், ஆடிப்பெருக்கு மறுநாள் காவிரிப் படித்துறையில் வாழை இலையையும் துணியையும் அள்ளிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்த எல்லாரும் சம்மதம் என்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு மன்றத்தில் வையுங்கள், மக்கள் மறுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

எனக்குப் பதில் அனுப்ப வேண்டாம். ஓர் ஆளுக்கு மாதம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதில் கூலி எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு, புகாருக்கு எந்த எண், இந்த நான்கையும் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து, காலையில் வருகைப் பதிவு நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் வாசித்துச் சொல்லட்டும். அடுத்த டெண்டர் அறிவிப்பு வருவதற்கு முன்னால் அது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
காவிரிக் கரை நகரம் ஒன்றில் பிரவுசிங் சென்டர் நடத்துபவர்